ரெண்டைக் கழிச்சுக்க

ஏறி நின்றதும் அவர் சொன்ன முதல் வாக்கியம்:
"இந்தத் தராசு ரெண்டு கிலோ கூடக் காட்டுது, தங்கச்சி."

பெத்ரோபாவ்லில் அப்போது அக்டோபர்.
நான் சிறையின் மருத்துவ உதவியாளர்.
டாக்டர் வியாழன்தோறும் வருவார்,
சில வியாழன்களில்.

ஒரல்பெக் ஜாக்சிபாயெவ்.
தானியக் கிடங்கின் எடைமேடைக் குமாஸ்தா,
இருபத்தாறு வருடம் லாரிகளை நிறுத்தவர்.
வராத கோதுமை நாலாயிரம் டன்
வந்ததாக எழுதிக்கொண்டவர்கள் வேறு யாரோ.
இவர் பார்த்தவர்.
கோப்பில் கடைசிவரை அப்படித்தான் இருந்தது: சாட்சி.
கதவுக்குக் கோப்பு வாசிக்கத் தெரியாது.

கிடங்கின் இயக்குநருக்கு ஜாமீன்.
ஒரு ஞாயிறு சந்தையில் பார்த்தேன்,
உறைந்த மீன்களை விறகுபோல்
ஒன்றோடொன்று தட்டிப் பார்த்து
வாங்கிக்கொண்டிருந்தார்.

கழுத்தில் ஒரு கட்டி, பட்டாணி அளவு.
பிறகு அக்குளில், பட்டாணி இல்லை.
நகர ஆஸ்பத்திரியிலிருந்து காகிதம் வந்தது:
நிணநீர்ப் புற்று, உடனே சிகிச்சை.
'உடனே' என்ற சொல்லின் மேல்
யாரோ தேநீர்க் கோப்பை வைத்த வட்டம்.

வலிக்கு அனல்ஜின். பாதி.

புலனாய்வாளர் துலெகெனோவ் கத்துகிறவர் அல்ல.
அஸ்தானாவில் ஒரு கட்டில்,
சலவை மணக்கும் விரிப்பு,
சொட்டுச் சொட்டாய் இறங்கும் மருந்து
எல்லாவற்றையும் சொல்லாலேயே மேசையில் பரப்பினார்.
கடைசியில் நிஜமான ஒரு பேனா.
'கோதுமை வந்தது. நான் நிறுத்தேன்.'
இரண்டே வாக்கியம்.
வெப்பமானியை உதறியபடி நான் ஓரத்தில் நின்றிருந்தேன்.
ஒரல்பெக் பேனாவைப் பார்க்கவில்லை.
"எந்த லாரி?" என்றார். "வண்டி எண் சொல்லுங்க."

அன்றிரவு முப்பத்தொன்பது புள்ளி நான்கு.
பதிவேட்டில் நான் எழுதியது
முப்பத்தாறு புள்ளி எட்டு.
பள்ளியில் பரிசு வாங்கிய கையெழுத்து எனக்கு.
யாரும் என் மணிக்கட்டை முறுக்கவில்லை.
"காய்ச்சல்னு எழுதினா வண்டி கேக்கணும்,
வண்டிக்கு டீசல் கேக்கணும்," என்றார் மேற்பார்வையாளர்.
அவ்வளவுதான்.
வலேரிக்குப் பல் கம்பி போட்டிருந்த வருடம் அது.

எழுபத்தொன்று.
அறுபத்துநாலு.
சன்னலின் உட்பக்கமும் பனி பிடித்தபோது
ஐம்பத்தெட்டு.
ஒவ்வொரு முறையும் இறங்குமுன்
"ரெண்டைக் கழிச்சுக்க" என்பார்,
தவறித் தன் கைக்கு வந்த சில்லறையைத்
திருப்பித் தருகிறவர்போல.
நான் கழித்ததில்லை. கூட்டினேன்.
ஐந்து, சில நாள் எட்டு.
வராத கோதுமைபோல
வராத சதை ஏறிக்கொண்டே போனது
என் பதிவேட்டில்.

காணொளியில் நீதிபதி கேட்டார், உடல்நிலை எப்படி?
திருப்திகரம் என்று வாசித்தார்கள். என் வரிதான்.
கேமரா அவர் தோள்வரைக்கும்.
கட்டிலோடு பூட்டிய கால்
திரைக்கு வெளியே இருந்தது.

கடைசித் தடவை அவரால் நிற்க முடியவில்லை.
தூக்கிக்கொண்டு நானே தராசில் ஏறினேன்.
முள் நூற்றுப்பத்தில் ஆடி நின்றது.
"நீ எவ்வளவு?"
"அறுபத்தேழு."
கண்ணை மூடியபடி என் தோளில் கழித்தார்.
"நாப்பத்திமூணு. தராசுக்கு ரெண்டு.
நாப்பத்தொண்ணு."

எழுதினேன்.
நாற்பத்தொன்று.
காய்ச்சலையும், அந்த இரவிலிருந்து ஒவ்வொன்றாய்,
பழைய எண்களை அடித்து, மேலே சரியானதை,
பக்கத்தில் என் பெயரை.
பரிசு வாங்கிய கையெழுத்து
அன்றைக்குக் கோழி கிளறியதுபோல் இருந்தது.

இஷிம் ஆற்றில் பனி உடையும் சத்தம்
கேட்கத் தொடங்கிய வாரம் அவர் போனார்.
மூச்சு நின்ற பிறகும் நாற்பது நிமிடம்
காலில் விலங்கு கிடந்தது.
சாவி அடுத்த ஷிப்ட்காரரிடம்.

திங்கள் காலை பதிவேட்டைக் கேட்டு
மேலிருந்து ஒருவர் வந்தார்.
நீங்களும் கூட வாங்க, என்றார்.
ஒரு மணி நேர வேலை,
சும்மா சாட்சியாகத்தான்.

பல் தேய்க்கும் பிரஷை
எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன்.